அடியில் சூடு, மேலே ஓக்: ஒரே தளம் இரண்டு விதமாகக் கெட்டது ஏன்

பலகை ஒட்டி ஆறாவது வாரம் ஓரங்கள் மேலே எழும்பின. மூன்று மாதம் கழித்து, நடுக்குளிர்காலத்தில், அதே பலகைகளுக்கு நடுவே இரண்டு நாணயத்தைச் சேர்த்துச் செருகலாம் என்கிற அளவுக்குச் சந்து விழுந்தது. ஒரே தளம், ஒரே மரம், ஒரே பசை. முதலில் கெட்டது ஈரம் கூடியதால். பிறகு கெட்டது ஈரம் வற்றியதால். வீட்டுக்காரர்கள் இரண்டு முறையும் தரைக்கு அடியில் ஓடிய வெந்நீர்க் குழாயைத்தான் குற்றம் சொன்னார்கள். "மரத்துக்கும் சூட்டுக்கும் ஆகாது சார், முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும்" என்றார் அந்த வீட்டம்மா.

நான் மரத்தளம் போடுகிறவன். கெட்டுப்போன தளங்களைப் பார்த்துக் காரணம் எழுதிக் கொடுக்கும் வேலையும் சில வருடங்களாகச் செய்கிறேன். இந்த வீட்டில் நடந்தது ஒரு பெரிய தவறு அல்ல. நான்கைந்து சின்னத் தவறுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன. தனித்தனியாக வந்திருந்தால் தளம் தாங்கியிருக்கும். தவிர, அதே வீட்டில் பக்கத்து அறையில் அதே சரக்குக் கட்டுகளிலிருந்து எடுத்த பலகைகள் பெரிய சேதமில்லாமல் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஓர் அறை கிடைப்பது அபூர்வம். அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் தளத்தின் அடுக்கு. கீழே கான்கிரீட். அதன்மேல் வெப்பக் காப்புப் பலகை. அதில் 150 மி.மீ. இடைவெளியில் 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாய். குழாயை மூடி 65 மி.மீ. சிமென்ட் ஸ்க்ரீட், அதாவது தரையைச் சமப்படுத்தப் போடும் சிமென்ட்-மணல் படுகை. அதன்மேல் 20 மி.மீ. தடிமன், 180 மி.மீ. அகலமுள்ள திட ஓக் பலகை, நாக்கும் காடியுமாக, முழுப் பரப்பிலும் எலாஸ்டிக் பசை தடவி ஒட்டியது. வரவேற்பறை 30 சதுர மீட்டர், படிப்பறை 12. வரைபடம் போட்டபோது இரண்டு அறைக்கும் டைல்ஸ் என்றுதான் இருந்தது. நடுவில் மரம் என்று மாற்றினார்கள். இந்த மாற்றத்தை வெப்பமூட்டும் கருவி அமைத்தவரிடம் யாரும் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

முதல் தடவை: தட்டு போல் குழிந்த பலகைகள்

நான் போனபோது சூடு போட ஆரம்பித்து நான்கு வாரம் ஆகியிருந்தது. நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தேன். அறை முழுக்க வரி வரியாக நிழல். ஒவ்வொரு பலகையும் ஆழமில்லாத தட்டு மாதிரி நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் தூக்கியிருந்தது. மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டதில் 0.8 முதல் 1 மி.மீ. வரை குழிவு.

ஓரம் தூக்கினால் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அகலமாகிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் நிலையோடு பிடித்துக்கொள்ளும் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதவு முழுக்க ஊதுகிறது. இங்கே அடிப்பாதி மட்டும் ஊதியிருக்கிறது. பக்கம் மூடிய ஊசி கொண்ட ஈரமானியை இரண்டு ஆழத்தில் இறக்கிப் பார்த்தேன். மேலிருந்து 5 மி.மீ. ஆழத்தில் 9 சதவீதம், 15 மி.மீ. ஆழத்தில் 13. ஊசியின் நுனி மட்டுமே அளக்கும் இந்த வகை மானி இல்லாமல் இந்த வித்தியாசம் தெரியாது. மேல்பரப்பில் வைத்துப் பார்க்கும் மானி ஒரு சராசரியைக் காட்டிவிட்டுப் போயிருக்கும்.

அடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குழாய் கசிகிறதோ என்று முதலில் பார்த்தோம். அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. அப்படியென்றால் ஸ்க்ரீட்தான்.

சிமென்ட் ஸ்க்ரீட் உலர்வதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முதல் 40 மி.மீ.க்கு மில்லிமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் மில்லிமீட்டருக்கு இரண்டு நாள். 65 மி.மீ. என்றால் 40-உம் 50-உம் சேர்த்து 90 நாள், அதுவும் காற்றோட்டம் நன்றாக இருந்தால். இங்கே பலகை ஒட்டியது 49-வது நாள். போட்டவர்கள் அளக்காமல் போடவில்லை. பரப்பில் வைக்கும் மின்மானியால் அளந்து, "உலர்ந்தது" என்று எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் ஸ்க்ரீட் மேலிருந்துதான் உலரும். மேல் இரண்டு சென்டிமீட்டர் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும்போதும் அடியில், குழாயைச் சுற்றி, ஈரம் அப்படியே தங்கியிருக்கும். அந்த மானி அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது.

எட்டுவதற்கு நான் நம்பும் வழி உடைத்து எடுப்பதுதான். இரண்டு பலகையைக் கழற்றினேன். வெப்பக் கேமராவில் குழாய் ஓடும் தடத்தைப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு குழாய்க்கு நடுவே உளி வைத்தேன். மேல்துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அடிப்பாதியிலிருந்து வந்ததை மட்டும் இரும்புக் கிண்ணத்தில் போட்டுச் சீக்கிரமாக இடிக்க வேண்டும். நிதானமாக இடித்தால் ஈரம் காற்றில் போய்விடும். 50 கிராம் நிறுத்து, இரும்புக் குண்டுகளோடு எஃகுக் குடுவையில் போட்டு, கால்சியம் கார்பைடு அடைத்த கண்ணாடிக் குப்பியைச் சாய்வாக இறக்கி மூடி முறுக்கினேன். குலுக்கினால் குப்பி உடையும். ஸ்க்ரீடில் இருக்கும் ஈரம் கார்பைடோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவாகும். மூடியில் இருக்கும் அழுத்தமானி ஏறும். பத்து நிமிடம் விட்டுப் படித்ததில் 2.4 சதவீதம். இதைத்தான் தொழிலில் சி.எம். அளவு என்பார்கள். சிமென்ட் ஸ்க்ரீடுக்குச் சாதாரணமாக 2.0 வரை விடலாம், அடியில் வெப்பமூட்டல் இருந்தால் 1.8. ஜிப்சம் வகையான கால்சியம் சல்பேட் ஸ்க்ரீட் என்றால் இன்னும் கடுமை: 0.5, வெப்பமூட்டல் இருந்தால் 0.3.

நான்கு வாரம் சூடு போட்ட பிறகும் 2.4 என்றால், ஒட்டிய அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெப்பமூட்டல் இல்லாத தரையில் இந்த ஈரம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறியிருக்கும். குழாயில் வெந்நீர் ஓடியதும் அது அத்தனையும் சில வாரத்தில் மேலே கிளம்பியது. நேராகப் பலகையின் அடிக்கு.

இதைத் தடுக்கத்தான் முன்சூடு என்ற ஒரு வேலையே இருக்கிறது. சிமென்ட் ஸ்க்ரீட் போட்டு 21 நாள் கழித்து, பலகை வருவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் விட வேண்டும். தரை வெப்பமூட்டலுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1264 சொல்வது இது: மூன்று நாள் 25 டிகிரியில், பிறகு நான்கு நாள் அந்த அமைப்பின் உச்ச வெப்பத்தில். இது குழாயும் ஸ்க்ரீடும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டுமே. உலர்வதற்கு இந்த ஏழு நாள் போதாது. அதற்குப் பிறகும் ஏற்றி இறக்கி, சி.எம். அளவு இறங்கும்வரை சூடு தொடர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த வீட்டில் இரண்டுமே நடக்கவில்லை. கொதிகலன் வந்து சேரவே ஒன்பதாவது வாரம் ஆகிவிட்டது. பலகை ஏழாவது வாரமே ஒட்டியாகிவிட்டது.

தளம் போட்டவர், "ஒரு தடவை சாண்டிங் போட்டுடலாம் சார், சமமாயிடும்" என்றார். நான் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஓரம் தூக்கியிருக்கும்போது தேய்த்தால் அந்த ஓரங்கள் தேய்ந்து தரை அன்றைக்குச் சமமாகும். அடி உலர்ந்ததும் பலகை பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது ஓரம் தாழ்ந்து நடு முதுகு தூக்கி நிற்கும். அதற்கு மருந்தே இல்லை. தேய்த்த மரம் திரும்பி வராது. நல்லவேளையாகக் கேட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் குழிவு 0.3 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் தடவை: சந்து

குளிர் உச்சத்தில் இருந்தபோது மறுபடி கூப்பிட்டார்கள். பெரும்பாலான பலகைகளுக்கு இடையே 2 முதல் 3 மி.மீ. சந்து. இரண்டு இடத்தில் 5 மி.மீ. அந்த இரண்டு இடத்தையும் குனிந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. லாக்கர் பூச்சு இடுக்கில் இறங்கி மூன்று மூன்று பலகையை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிட்டது. மூன்றும் சேர்ந்து ஒரே பலகை போலச் சுருங்கி, மொத்தச் சுருக்கத்தையும் ஒரே இடுக்கில் கொட்டியிருக்கின்றன. தவிர, அறையின் நடுவில் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கியதும் பலகைகளின் மேல் ரேகையோடு ஓடும் மெல்லிய வெடிப்புகள். கம்பளத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்தது போல வெடிப்பு அங்கேயே நின்றிருந்தது.

இங்கே சூட்டைக் குற்றம் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டினால் மரம் விரிவது மிகவும் குறைவு. 180 மி.மீ. பலகை 10 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விரிந்தாலே பெரிது. ஈரத்தால் நடப்பது இதைப் போல முப்பது மடங்கு. ஓக்கில் ஆண்டு வளையம் படுத்திருக்கும்படி அறுத்த பலகை, ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் 0.36 சதவீதம் மாறும். வளையம் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்தது அதில் பாதி, 0.18. நீளவாக்கில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

இப்போது கணக்கு. ஒட்டிய அன்று பலகையின் ஈரம் 11 சதவீதம். கட்டுகளைச் சூடில்லாத கிடங்கில் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். கட்டு வீட்டருகே இருந்தாலே மரம் வீட்டுக்குப் பழகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் மரம் எதற்கும் பழகாது. குளிர்காலத்தில் எவ்வளவுக்கு இறங்கியது என்று ஈரமானியால் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் 6 சதவீதத்துக்குக் கீழே ஊசிமானி சொல்வதை நம்பக் கூடாது. வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கம்பளத்துக்கு அடியிலிருந்து ஒரு துண்டு, வெறுந்தரையிலிருந்து ஒரு துண்டு. உடனே பையில் போட்டு மூடி, நிறுத்து, 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். கம்பளத் துண்டு 83.6 கிராம் இருந்தது, காய்ந்தபின் 80.0. அதாவது 4.5 சதவீதம். வெறுந்தரைத் துண்டு 5.9.

11-லிருந்து 5.9 என்றால் 5.1 சதவீத இறக்கம். பெரும்பாலான பலகை வளையம் படுத்த அறுப்பு. 180-ஐ 0.36 சதவீதத்தாலும் 5.1-ஆலும் பெருக்கினால் 3.3 மி.மீ. பசை கொஞ்சம் இழுத்துப் பிடித்ததில் 2 முதல் 3 மி.மீ.யாக நின்றிருக்கிறது. மரம் தன் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறது. கணக்குப் போடாமல் விட்டது நாம்தான்.

சுவரில் ஒரு எண், பலகையில் வேறு எண்

வீட்டுக்காரர் படித்தவர், கவனமானவர். சுவரில் ஈரப்பதமானி மாட்டித் தினமும் குறித்து வைத்திருந்தார். "குளிர்காலம் முழுக்க 32 சதவீதத்துக்குக் கீழே போகவேயில்லை, காற்று 32-ல இருந்தா மரத்தோட ஈரம் 6.4-ல் நிற்கணும், எப்படி இவ்வளவு காய்ந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

காற்றில் இருக்கும் நீராவி ஒன்றுதான். ஆனால் ஒப்பு ஈரப்பதம் என்பது அந்த நீராவியை, அந்த வெப்பத்தில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடியதோடு ஒப்பிட்டுச் சொல்வது. வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு 3.9 கிராம் நீராவிதான் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், 18 கிராம் தாங்கக்கூடிய காற்றில் அதே கொஞ்ச நீராவி. ஒப்பு ஈரப்பதம் சுமார் 20-க்கு விழுந்துவிடும். குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து அதை 32-க்கு ஏற்றியிருக்கின்றன. இதுவரை எந்த வகை வெப்பமூட்டல் உள்ள வீட்டுக்கும் பொருந்தும்.

தரை வெப்பமூட்டலில் இதற்கு மேல் ஒரு படி உண்டு. சுவர்மானி இருக்கும் இடம் 21 டிகிரி. பலகையின் மேல்பரப்பு அன்று 28.5 டிகிரி. அறையின் அதே காற்று பலகையைத் தொடும் இடத்தில் 28.5 டிகிரி ஆகிறது. அங்கே ஒப்பு ஈரப்பதம் 32 அல்ல, 20. கம்பளத்துக்கு அடியில் 33 டிகிரி இருந்தது. அங்கே 16. ஈரப்பதம் 20-ல் மரம் போய்ச் சேர விரும்பும் இடம் 4.5 சதவீதம், 16-ல் 4-க்கும் கீழே. லாக்கரும் காலமும் கொஞ்சம் தடுத்ததால்தான் 5.9-லும் 4.5-லும் நின்றது. இன்னும் ஒரு மாதம் குளிர் நீடித்திருந்தால் மேலும் இறங்கியிருக்கும்.

பலகை சுவரில் இல்லை, தரையில் இருக்கிறது. அதன் ஈரத்தைத் தீர்மானிப்பது அதன் தோலை ஒட்டிய காற்று. சூடு மரத்தை நேரடியாகக் கெடுக்கவில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் மரம் எந்தக் காற்றில் வாழ்கிறது என்பதைச் சூடுதான் மாற்றுகிறது. மரத்தளத்துக்குப் பரப்பு வெப்பம் 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தொழிலில் எல்லோரும் சொல்வது இதற்காகத்தான். ஈ.என். 1264 புழங்கும் இடத்துக்கு 29 வரை விடுகிறது, அது மனிதப் பாதத்தை வைத்துச் சொன்ன வரம்பு. மரத்தை வைத்துச் சொன்னால் 27.

சரி, இந்த வீட்டில் 28.5-க்கு ஏன் போனது? இங்கேதான் டைல்ஸ் கதை வருகிறது. 20 மி.மீ. ஓக்கின் வெப்பத்தடை, அதாவது சூடு ஊடே போவதைத் தடுக்கும் அளவு, சுமார் 0.12 சதுர மீட்டர் கெல்வின்/வாட். தரை வெப்பமூட்டலுக்கு மேலே போடும் எதற்கும் மொத்தமாக 0.15 என்பது வழக்கமான மேல்வரம்பு, ஆக ஓக் மட்டும் போட்டால் தப்பில்லை. டைல்ஸின் தடை இதில் ஒரு சிறு பங்குதான். சதுர மீட்டருக்கு 50 வாட் சூடு மேலே வர வேண்டுமென்றால் இந்த ஓக் மட்டுமே 6 டிகிரியை விழுங்கும். டைல்ஸுக்காக அமைத்த தண்ணீர் வெப்பத்தில் அறை சூடாகவில்லை. வீட்டுக்காரர் குளிர்கிறது என்றார், கருவிக்காரர் வந்து தண்ணீரின் சூட்டை ஏற்றினார். திரும்பவும் குளிர்கிறது, திரும்பவும் ஏற்றம். கடைசியில் தேவைக்கு மேலே போய் நின்றது. இரவில் சூட்டைக் குறைத்துக் காலையில் ஏற்றும் பழக்கம் வேறு. 65 மி.மீ. ஸ்க்ரீட் சட்டென்று சூடாகாது, அதனால் காலையில் ஈடுகட்டக் குழாயில் உச்ச வெப்பத்தில் தண்ணீர் ஓடும். அறையின் வெப்பத்தை அளக்கும் உணரி இருந்தது. தரையின் வெப்பத்தை அளக்க ஒன்றும் இல்லை. அறை 21 என்று உணரி திருப்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பலகை அடியில் 40 டிகிரியில் கிடந்தது.

அதன்மேல் ரப்பர் அடியுள்ள தடிமனான கம்பளம். அதன் தடையும் ஓக்கின் தடையும் சேர்ந்து 0.15-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. சூடு மேலே போக வழியில்லாமல் பலகைக்குள் தங்கியது. வெடிப்பு கம்பளத்தின் எல்லையோடு நின்றதற்கு இதுதான் காரணம்.

பக்கத்து அறை

படிப்பறையில் அதே ஓக், அதே அகலம், அதே பசை, அதே தண்ணீர். சந்து அதிகபட்சம் 1 மி.மீ. தரை குழியவில்லை, வெடிப்பு இல்லை. ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். புத்தக அலமாரி செய்கிறவர் தாமதித்ததால் அந்த அறை மட்டும் ஐந்து வாரம் கழித்துப் போடப்பட்டது. அதற்குள் ஸ்க்ரீட் 84 நாள் திறந்து கிடந்திருக்கிறது, கடைசி மூன்று வாரம் சூடோடு. மீதிக் கட்டுகளை இடம் போதாமல் பிரித்து அந்த அறையிலேயே அடுக்கியிருந்தார்கள். ஒட்டிய அன்று எடுத்த துண்டு ஒன்று மேசையடியில் கிடந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும், அப்படி எதுவும் இல்லை. ஆனால் போட்டவர் அன்று ஊசிமானியால் பார்த்துக் கட்டின் அட்டையில் 8.4 என்று கிறுக்கி வைத்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே 6.1. இறக்கம் 2.3 சதவீதம். 180 மி.மீ. பலகைக்கு 1.5 மி.மீ., பசை பிடித்தது போக 1. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தாமதம்தான் அந்த அறையைக் காப்பாற்றியது. கம்பளமும் அங்கே இல்லை.

பிறகு செய்தது

உடனடியாகக் கம்பளத்தை எடுத்தோம், தண்ணீரின் சூட்டைப் படிப்படியாக இறக்கினோம், இரவு இறக்கத்தை நிறுத்தினோம். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி குளிர்காலம் முழுக்க உச்ச வேகத்தில் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு கன மீட்டரும் வறண்ட காற்று. அதைத் தேவையான அளவுக்குக் குறைத்ததிலேயே அறை ஈரப்பதம் 38-க்கு ஏறியது. 50-க்கு மேலே ஏற்ற ஆசைப்பட வேண்டாம் என்றும் சொன்னேன், குளிர்ந்த ஜன்னலில் தண்ணீர் கோக்கும். சந்துகளை அப்போதே மரத்தூள் பசையால் அடைத்துவிடலாமா என்று கேட்டார்கள். குளிரில் அடைத்தால் வெப்பகாலத்தில் பலகை ஊதும்போது போக இடமிருக்காது. அடைப்பு நொறுங்கும், இல்லையென்றால் ஓரம் நசுங்கும்.

வசந்தம்வரை காத்திருந்தோம். சந்து பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. வெடிப்பு மூடவில்லை. நாருக்கு நடுவே பிளந்தது திரும்ப ஒட்டாது. மறு குளிருக்கு எவ்வளவு நல்லபடி நடத்தினாலும் 180 மி.மீ. பலகை 2 மி.மீ.க்குக் குறையாமல் திறக்கும் என்று கணக்கைக் காட்டினேன். வரவேற்பறையை மட்டும் புதிதாகப் போடுவது என்று முடிவெடுத்தார்கள். படிப்பறையைத் தொடவில்லை. முழுப் பசையில் ஒட்டிய பலகையைப் பிரித்தெடுப்பது மனதுக்குக் கஷ்டமான வேலை. பலகை உரியும்போது ஸ்க்ரீடின் தோலும் கூடவே வரும். ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை.

பல அடுக்குப் பலகை போட்டுவிடுங்கள் என்று நான் முதலில் சொன்னேன். குறுக்கு அடுக்கு மேல் ஓக்கை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அகலப் பலகைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு இன்றும் அதையேதான் சொல்வேன். அந்த அம்மாவுக்குத் திட மரம்தான் வேண்டும், அகலம் பற்றிப் பிடிவாதமில்லை. அது போதும். மரத்தையும் கொஞ்சம் பேசினோம். பீச்சும் மேப்பிளும் தரை வெப்பத்துக்கு மேல் எனக்குப் பயம்தான். பீச் ஓக்கைவிட அதிகம் அசையும், இரண்டுமே ஈரத்தைச் சீக்கிரம் வாங்கும், சீக்கிரம் விடும். தேக்கு ஓக்கில் பாதிதான் அசையும், வால்நட்டும் நிதானமானது. நிறத்துக்காக ஓக்கிலேயே நின்றார்கள்.

இந்த முறை 15 மி.மீ. தடிமன், 90 மி.மீ. அகலம், வளையம் நிமிர்ந்த அறுப்பு. தடிமன் குறைந்ததில் வெப்பத்தடை 0.09-க்கு இறங்கியது, தண்ணீரின் சூட்டை இன்னும் குறைக்க முடிந்தது. ஸ்க்ரீடை மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்ததில் சி.எம். 1.3. ஒரு குளிர்காலம் முழுக்கச் சூடேறியதில் அது தானாகவே முன்சூடு ஆகிவிட்டது. ஈரம் மீதியிருந்தால் மேலே ஈரத்தடைப் பூச்சு அடித்துச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வெப்பமூட்டும் ஸ்க்ரீடில் நான் அதைச் செய்ய மாட்டேன், அடைத்து வைத்த ஈரம் சூட்டுக்கு வேறு வழி தேடும்.

பலகை வந்து இறங்கியதும் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பலகையை அளந்தேன், சராசரி 7.8. ஒரு கட்டு 10-க்கு மேல் காட்டியது, திருப்பி அனுப்பினோம். தரைப் பரப்பை 18 டிகிரியில் வைத்துக்கொண்டு ஒட்டினோம். ஒட்டி முடித்து ஒரு வாரம் அதே 18. பிறகு தண்ணீரின் சூட்டை நாளுக்கு இரண்டு டிகிரியாக ஏற்றினோம். சுவரோரம் 12 மி.மீ. விட்டுச் சட்டத்தால் மறைத்தோம். லாக்கருக்குப் பதில் எண்ணெய், அது இடுக்கில் இறங்கிப் பலகைகளை ஒட்டவைக்காது. ஸ்க்ரீடுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு உணரி புதைத்தோம், ஒன்று வெறுந்தரையில், ஒன்று விரிப்பு வரப்போகும் இடத்தில். எது முதலில் வரம்பைத் தொட்டாலும் அந்தக் குழாய்ச் சுற்றுக்குத் தண்ணீர் நிற்கும்.

மறு குளிரில் போய் அளந்தேன். சந்து 0.3 மி.மீ., ஓரிரு இடத்தில் 0.4. 90-ஐ 0.18 சதவீதத்தாலும் இரண்டு சதவீத இறக்கத்தாலும் பெருக்கினால் வருவதும் அதேதான். தடிமன் கம்பளம் போய், ரப்பர் அடியில்லாத மெல்லிய நெசவு விரிப்பு வந்திருந்தது. அந்த அம்மா இன்னொரு ஈரப்பதமானி வாங்கி, தட்டையான அதன் உணரியை விரிப்புக்கு அடியில் வைத்திருந்தார். அவரே விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். சுவரில் 38, பலகைமேல் 26.